பொட்டாசியம் வரைக்கும்

உங்களில் யாருக்கெல்லாம் இன்னும் சொந்தப் பல் மிச்சம் இருக்கிறதோ, அவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொண்டு படிக்கலாம். கட்டுப் பல் வைத்திருக்கும் என் வயசுக்காரர்கள் அதைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு வாருங்கள். கடைசியில் பல்லைக் கடிக்க வேண்டி வரும். உடைந்தால் நான் பொறுப்பில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். வாத்தியார் ஒரு நாள், "நீ நாளைக்கு வராம இருந்தீன்னா நான் பிள்ளையாருக்கு ஒரு தேங்கா ஒடைக்கிறேன்டா" என்றார். பெரியவர் வேண்டுதலை நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று நான் போகவில்லை. அவர் தேங்காய் உடைத்தாரா என்று இன்றுவரை தெரியாது. இப்படிப்பட்ட எனக்கு லித்தியம், சோடியம், பொட்டாசியம் என்ற மூன்று பேரையும் நன்றாகத் தெரியும். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நிற்பார்கள், கீழே போகப் போக ஆவேசம் கூடும் என்பதும் தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் கதை. சொல்லாமலேயே போய்விடலாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்.

அந்த வருஷம் எனக்குப் பத்து வயது இருக்கும். யுத்த காலத்தில் பிடுங்கிக்கொண்டு போன தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு, போடியிலிருந்து மதுரைக்கு மறுபடி ரயில் ஓட ஆரம்பித்திருந்தது. எங்கள் வீடு போடியில். குரங்கணிக்கு மேலே, ஒரு காலை நேரம் ஏறினால் வருகிற சரிவில், அப்பாவுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம். பறித்த பச்சைக் காயை அங்கேயே உலர்த்த ஒரு ஸ்டோர். ஸ்டோர் என்றால் கடை இல்லை. கல் சுவர், தகரக் கூரை, உள்ளே குறுக்கும் நெடுக்கும் இரும்புக் குழாய். வெளியே அடுப்பில் விறகை எரித்தால் குழாய் சுட்டு, அறை சுட்டு, தட்டிகளில் பரப்பிய காய் ஒரு பகல் ஒரு ராத்திரியில் கலகலவென்று காய்ந்துவிடும். பச்சை நிறம் மாறாமல் இருக்க, உலர்த்துவதற்கு முன்னால் காயைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பார்கள். வண்ணான்துறையில் துணி வெளுக்கிற அதே சோடா. இந்தச் சோடாவை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஞாபகம் வைக்கிற வேலையை என்னிடம் விட்டால் என்ன ஆகும் என்று பின்னால் தெரியும்.

அக்கா அப்போது உயர்நிலைப் பள்ளியில் கடைசி வகுப்பு. எங்கள் தெருவில் அதுவரை படித்த ஒரே பெண். அவள் புஸ்தகத்தைத் திறந்தால் அம்மாவுக்கு உடனே ஒரு சோலி ஞாபகம் வரும். அக்கா ஒரு கையால் உரலில் மாவைத் தள்ளிக்கொண்டே மறு கையால் பக்கத்தைப் புரட்டுவாள். அவள் புஸ்தகம் எல்லாவற்றிலும் உளுந்து மாவு வாசம் அடிக்கும்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட ஒரு படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். துணி ஒட்டிய பெரிய தாள். மேலும் கீழும் உருட்டுக்கட்டை. நிறையக் கட்டம், கட்டத்துக்குள் எழுத்து, எண். வலது பக்கக் கீழ் மூலையைக் கரையான் தின்றிருந்தது. அடுப்படிச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். பழைய பசையும் கரையான் மண்ணும் கலந்த அந்த வாசனை, சமையல் வாசனையோடு சேர்ந்து, வீடே வேறு யாரோ குடியிருக்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது.

"இது எந்தச் சாமிடி?" என்றாள் அம்மா.

"சாமி இல்லம்மா. மூலகம். ஒலகத்துல இருக்க எல்லாப் பொருளும் இதுகளாலதான் ஆனது."

"எல்லாமேவா? அப்ப நம்ம வீட்டு மண்ணெண்ணெய் எந்தக் கட்டத்துல இருக்கு, காட்டு."

"அது தனியா இருக்காதும்மா. ரெண்டு மூலகம் சேர்ந்தது."

"சேர்ந்தது தீர்ந்து போச்சு. வெரசாப் போயி வாங்கிட்டு வா."

இப்போது தனிமம் என்கிறார்களே, அதற்குத்தான் அப்போது மூலகம் என்று பேர். அக்கா துடைப்பக் குச்சியை வைத்துக்கொண்டு, கேட்க ஆள் இல்லாததால் என்னிடம் சொல்வாள். நானும் கேட்பேன். கேட்டால் வெல்லம் கிடைக்கும்.

"இந்தா பாரு. ஒவ்வொரு கட்டமும் ஒரு தினுசு அணு. ஒவ்வொரு அணுவுக்கும் நடுவுல ஒரு இழுப்பு இருக்கு. சுத்தி வெளிய எலெக்ட்ரான். மேலருந்து கீழ ஒரே வரிசையா நிக்கிறவங்க ஒரே குடும்பம். கொணம் ஒன்னு. ஆனா கீழ போகப் போக ஆளு பெருசு. பெருசாக ஆக, வெளிய இருக்க எலெக்ட்ரான் நடுவுக்குத் தூரமாப் போயிருது. பிடிப்பு தளர்ந்துரும். அதான் இந்த மொதக் குடும்பத்துல கீழ இருக்கவன் தன்கிட்ட இருக்கதச் சட்டுன்னு விட்டுக் குடுத்துட்டு ரகளை பண்ணுவான். லித்தியத்தத் தண்ணியில போட்டா சும்மா உஸ்ஸுங்கும். சோடியம் உருண்டு உருண்டு ஓடும். பொட்டாசியம் தீப்பிடிச்சு எரியும்."

"தண்ணியிலயா எரியும்?"

"தண்ணியிலதான்."

அன்றைக்கு எனக்குப் பொட்டாசியத்தின் மேல் வந்த மரியாதை வேறு எந்தப் பெரிய மனுஷன் மேலும் வந்ததில்லை.

கரையான் தின்ற மூலையில் அக்கா பழுப்புத் தாளை ஒட்டினாள். கோடு போட்டாள். போன கட்டங்களைத் தானே நிரப்ப ஆரம்பித்தாள். அப்போது தோட்டத்திலிருந்து வந்திருந்த அப்பா, ஈரத்துண்டைத் தலையில் போட்டபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"காணாமப் போனது என்னன்னு ஒனக்கு எப்படித் தெரியும் ஆத்தா?"

"மேல இருக்கவங்களப் பாருங்கப்பா. குளோரின், காத்து மாதிரி. அடுத்து புரோமின், தண்ணி மாதிரி. அதுக்கும் கீழ அயோடின், கட்டி. நெறமும் கருத்துக்கிட்டே வருது. அப்ப அதுக்குக் கீழ இருக்கவன் எப்படி இருப்பான்?"

அப்பா யோசித்தார். "கட்டியா இருப்பான். இன்னும் கருப்பா இருப்பான்."

"அம்புட்டுத்தான்."

"ஆளப் பாக்காமலேயா?"

"பாக்க வேணாம்ப்பா. மேல, கீழ, பக்கத்துல இருக்க சொந்தக்காரங்கள விசாரிச்சாப் போதும்."

அப்பா சிரித்தார். எங்கள் பக்கம் மாப்பிள்ளை விசாரிக்கிறதும் அப்படித்தான். பையனிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பெரியப்பன் குடிப்பானா, பங்காளி வழக்குப் போடுவானா, அடுத்த வீட்டுக்காரன் என்ன சொல்கிறான் என்று கேட்டு முடித்துவிடுவார்கள். அந்த முறையில் அக்காவுக்கே மாப்பிள்ளை பார்த்தார்கள். அணு விஷயத்தில் பலித்தது. மனுஷன் விஷயத்தில் பலிக்கவில்லை. அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

இன்னொரு நாள் அப்பா சல்லடை போட்டுக்கொண்டிருந்தார். ஏலக்காயைக் கண்ணளவு பார்த்துப் பிரிக்கிற சல்லடை. பெரிய காய் மேலே நிற்கும், சின்னது கீழே விழும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அட்டவணையில் ஒரு குறுக்கு வரிசையைப் பற்றிச் சொன்னாள்.

"இடதுலருந்து வலது போகப் போக எடை கூடும்ப்பா. ஆனா ஆளு சுருங்கிரும்."

"எடை கூடுனா எப்படித்தா சுருங்கும்?"

"நடுவுல இழுப்பு கூடுது. வெளிய இருக்கத எல்லாம் உள்ள இழுத்துக்கிருது."

அப்பா சல்லடையை நிறுத்திவிட்டு இரண்டு காயை எடுத்தார். ஒன்று ஊதிப் பெருத்தது, ஒன்று சின்னது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்து ஆட்டிப் பார்த்தார். "வாஸ்தவந்தான். பெருசா இருக்கது பூராம் பொக்கு. சின்னதுலதான் அரிசி நெறஞ்சு கெடக்கு."

"இது பொக்கு இல்லப்பா, வேற."

"வேறயா இருக்கட்டும். எனக்குப் புரிஞ்சது இம்புட்டு." கொஞ்ச நேரம் கழித்து, சல்லடையைப் பார்த்தபடியே சொன்னார். "ஆனி மாசம் மதுரைக்கு ரயில்ல கூட்டிட்டுப் போறேன். காலேசுல சேத்து விடுறேன். இந்த வருசக் காய் மட்டும் பச்சை மாறாம எறங்கட்டும்."

அக்கா எழுந்து போய்ப் படத்தில் பழுப்புத் தாள் உரிந்த ஓரத்தை மறுபடி ஒட்டினாள். உரியவே இல்லை அது. நான் பார்த்தேன்.

அந்த ஆவணியில் அவள் ஒரு வேலை செய்தாள். அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிவை மட்டும் சட்டியில் சுண்டக் காய்ச்சினாள். அடியில் சாம்பல் நிறத்தில் உப்பு மாதிரி ஒன்று தங்கியது. அதை ஒரு சிரட்டையில் வைத்தாள். இன்னொரு சிரட்டையில் சலவைச் சோடாக் கட்டி. இரண்டையும் மாடத்தில் வைத்துவிட்டு, "தொட்டீன்னா கைய ஒடிச்சுருவேன்" என்று பள்ளிக்கூடம் போனாள். நான் தொட்டேன். நக்கியும் பார்த்தேன். நாக்கு ஒரு நாள் பூரா வெந்து கிடந்தது. அதை வெளியே சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் இருக்க எனக்கு வரும் என்பதற்கு அதுதான் முதல் சான்று.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டுக் காட்டினாள். சோடாக் கட்டி உதிர்ந்து மாவாகிவிட்டது. சாம்பல் உப்பு இருந்த சிரட்டையில் உப்பே இல்லை, எண்ணெய் மாதிரி ஒரு தண்ணீர் நின்றது.

"யாரு தண்ணி ஊத்துனது?" என்றேன்.

"யாரும் ஊத்தல. காத்துல இருக்க ஈரத்த அதுவே இழுத்துக்கிருச்சு. சோடாவுல இருக்கது சோடியம். சாம்பல்ல இருக்கது பொட்டாசியம். ஒரே குடும்பந்தான், அதனால ரெண்டும் ஒரே வேலையச் செய்யும். துணி வெளுக்கும், கறை எடுக்கும். ஆனா அண்ணன் தம்பி ஒரே மாதிரியா இருப்பாங்க? ஒருத்தன் தன்கிட்ட இருக்க ஈரத்த விடுவான். இன்னொருத்தன் கண்டதையும் இழுப்பான்."

அம்மா வந்தாள். "சிரட்டையில மோண்டு வச்சது யாரு?" என்று கேட்டு, காரணம் விசாரிக்காமல் என் முதுகில் ஒன்று போட்டாள். அந்த வீட்டில் நிரூபணம் எல்லாம் என் முதுகில்தான் நடக்கும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பிடித்த மழை விடவில்லை. மேலே ஸ்டோரில் பச்சைக் காய் குவிந்து கிடக்கிறது, சோடா தீர்ந்துவிட்டது. "ஓடிப் போயி ஒரு மூட்டை சோடா சொல்லிட்டு வா, கோவேறு கழுதையில ஏத்தி விடச் சொல்லு" என்று அப்பா என்னைக் கீழே அனுப்பினார். நான் காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு போடிக்கு வந்து சேர்ந்தால், கடைவீதியில் எந்தக் கடையிலும் சோடா இல்லை. எங்கேயோ வெள்ளத்தில் பாதை அறுத்துக்கொண்டு போனதில் சரக்கு வரவில்லை. நான்கு நாள் ஆகும் என்றார்கள். நான்கு நாளில் பச்சைக் காய் குவியலிலேயே வெந்து பழுத்துவிடும். சோடா போடாமல் உலர்த்தினால் வைக்கோல் நிறத்துக்கு வெளுத்துவிடும்.

அக்கா என் காலுக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டே யோசித்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள்.

"ஸ்டோர்ல அடுப்புச் சாம்பல் மலை மாதிரி கெடக்குமே."

"கெடக்கும்."

"கேளு. நல்லாக் கேளு. சாம்பலக் கரைச்சு, தெளியவச்சு, துணியில வடிகட்டச் சொல்லு. சோடாத் தண்ணியில முக்குற அளவே அதுல முக்கணும். எடுத்ததும் ஓடைத் தண்ணியில ரெண்டு தரம் அலசணும். அலசிட்டுத்தான் தட்டியில போடணும். அலசாமப் போட்டா அந்த உப்பு தோலு மேலயே நிக்கும். மூடுபனியில ஈரத்த இழுத்துக் காயெல்லாம் வேர்த்துப் போகும். சிரட்டை ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"என்ன செய்யணும், சொல்லு."

சொன்னேன். எல்லாவற்றையும், அலசுவது உட்பட, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். வெல்லம் கொடுத்தாள். சீட்டில் எழுதிக் கொடுக்கவில்லை. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது, யாருக்காக எழுதுவாள்?

மறுநாள் மத்தியானம் ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தேன். மழைக்கு ஒதுங்கி, காய் பறிக்கிற பெண்கள், சுமை தூக்குகிறவர்கள் எல்லாரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஈரக் கம்பளி, புகை, பச்சை ஏலக்காய், மூன்றும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது.

"சோடா எங்கடா அப்பு?" என்றார் அப்பா.

"சோடா இல்ல. சோடாவோட தம்பி இருக்கான்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அதுதான் வினை. சிரிப்புச் சத்தம் கேட்டால் எனக்குத் தலைகால் தெரியாது.

"யாருடா அந்தத் தம்பி மாப்ளே?" என்றாள் ஒரு அத்தை முறைக்காரி.

நான் எழுந்து நின்று அக்கா மாதிரியே பாவாடையை இழுத்துச் செருகினேன், இல்லாத பாவாடையை. துடைப்பக் குச்சிக்குப் பதில் ஒரு விறகுச் சுள்ளி. "இந்தா பாருங்க. இவன் லித்தியம். தண்ணியில போட்டா உஸ்ஸுங்கும்" என்று கன்னத்தை உப்பி உஸ்ஸென்றேன். "இவன் சோடியம். உருண்டு உருண்டு ஓடும்" என்று அடுப்பைச் சுற்றி உருண்டு ஓடினேன். "இவன் பொட்டாசியம்" என்று சொல்லி, வெளியே தேங்கிய தண்ணீரில் தாவிக் குதித்து, தீப்பிடித்தவன் மாதிரி கையையும் காலையும் உதறிக்கொண்டு கத்தினேன். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்கள். அப்பாவே துண்டால் வாயை மூடிச் சிரித்தார். மறுபடி செய்யச் சொன்னார்கள். மறுபடி செய்தேன். மூன்றாம் தரமும் செய்தேன்.

"சரிடா, அக்கா என்ன செய்யச் சொன்னா, அதச் சொல்லு" என்றார் அப்பா.

"சாம்பலக் கரைச்சு, தெளியவச்சு, வடிகட்டி, சோடா மாதிரியே முக்கணும். பொட்டாசியம்" என்று சொல்லி நான்காம் தரம் குதித்தேன். அலசுவது அந்தக் குதியில் போயிற்று.

மறந்துதான் போனேன். அதுவரைக்கும் நான் குற்றவாளி இல்லை. மழை விட்டிருந்தது. தொட்டியில் காயை முக்கி எடுக்கும்போது, அடுப்புக்குத் தீப் போடுகிற மலையாளத்துக்காரர் ஒரு காயை விரலால் தேய்த்துப் பார்த்தார். அவர் தண்ணீரை வெள்ளம் என்பார்.

"மொதலாளி, தோலு வழுக்குது. நல்ல வெள்ளத்துல ஒரு தடவ முக்கி எடுத்தா என்னா?"

எனக்குச் சிரட்டை ஞாபகம் வந்தது. அந்த நிமிஷமே வந்தது. எண்ணெய் மாதிரி நின்ற தண்ணீர் கண் முன்னால் வந்தது. அப்பா என்னைப் பார்த்தார்.

"அக்கா அப்படி ஏதும் சொன்னாளாடா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்று ஒரு அறை. அவ்வளவுதான். ஆனால் மத்தியானம் அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. அதே ஆட்கள் முன்னால் அறை வாங்க மனசு வரவில்லை.

"சொல்லல" என்றேன்.

அப்பா தீப் போடுகிறவரிடம் திரும்பினார். "வேணாம். எம்மக சொன்னா சொன்னபடிதான். கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம். அதுக்கு நம்மள விட நாலு எழுத்துத் தெரியும்."

இதைத்தான் நான் வயசான பிறகு யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். அப்பா படிப்பை மதிக்காத மனுஷன், மகளைப் படிக்க விடாதவர் என்று பின்னால் ஊரே பேசியது. நானும் பல வருஷம் அப்படித்தான் பேசினேன், எனக்கு அது வசதி. உண்மையில் அன்றைக்கு அந்தத் தொட்டிக்கரையில் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்ற ஒரே ஆள் அவர்தான். கொஞ்சம் மதிப்புக் குறைவாக இருந்திருந்தால் காயை அலசியிருப்பார்.

காய் உலர்ந்து வந்தபோது அப்படி ஒரு பச்சை. கிளிப் பச்சை. சோடாவில்கூட அப்படி வந்ததில்லை. அப்பா ஒரு கை அள்ளி எல்லாருக்கும் காட்டினார். மூட்டை கட்டினார்கள். மறுபடி மழை. கோவேறு கழுதைக்காரர் ஐந்தாறு நாள் ஏறி வரவில்லை. மூடுபனி ஸ்டோருக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. மூட்டைகள் சுவரோரம் கிடந்தன.

போடியில் கமிஷன் கடையில் மூட்டையைப் பிரித்தபோது நானும் இருந்தேன். கடைக்காரர் முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டார். எடுத்தார். கையைப் பார்த்தார். மூட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

"என்னண்ணே, காய் வேர்த்திருக்கு."

உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டு, சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை. நடுவில் கறுத்து நொதித்த வாடை. ஒரு மூட்டை விடாமல் அப்படித்தான். "சோடா போட்டீங்களா, வேற என்னத்தையும் போட்டீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். அப்பா ஒரு பிடி காயை அள்ளி மடியில் முடிந்துகொண்டார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் குனிந்து மோந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தார்கள். அது அந்த வருஷக் காய் முழுவதும்.

வீட்டுக்கு வந்தோம். அக்கா அடுப்படியில் இருந்தாள். அப்பா மடியிலிருந்து ஒரு பிடி காயை எடுத்து அவள் முன்னால் தரையில் வைத்தார். அவள் ஒன்றை எடுத்து விரலில் தேய்த்தாள். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"நீ சொன்னபடிதான் ஆத்தா செஞ்சேன்" என்றார் அப்பா. குரல் ஏறவே இல்லை. "வேற ஏதும் சொல்லியிருந்தியா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே முருங்கைமரத்தில் தலையை ஆட்டிக்கொண்டிருந்த ஓணானைப் பார்த்தேன்.

"மறந்துட்டேன்ப்பா" என்றாள். "அலசச் சொல்ல மறந்துட்டேன்."

யாரும் பேசவில்லை. ஓணான் தலையாட்டிக்கொண்டே இருந்தது. அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி" என்றார்.

அவ்வளவுதான். அடி இல்லை, திட்டு இல்லை. அந்தச் 'சரி'யோடு மதுரை ரயில் போய்விட்டது. "முக்கியமானத மறக்குறவளுக்கு மேல என்ன படிப்பு" என்று அம்மாதான் பின்னால் சொன்னாள். அப்பா அதைக்கூடச் சொல்லவில்லை. கடைசி வகுப்பை நல்லபடியாகத் தேறினாள். எவ்வளவு நல்லபடியாக என்று கேட்க வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. ஆனி மாதம் கல்யாணம். தேனிப் பக்கம், நிலம் நீச்சு உள்ள குடும்பம். பெரியப்பன், சித்தப்பன், அடுத்த வீடு எல்லாம் விசாரித்தார்கள். எல்லாரும் தங்கம் என்றார்கள். தங்கத்துக்கு நடுவில் இருந்தவனை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

அந்தப் படத்தை அம்மா அவளுடைய தகரப் பெட்டிக்கு அடியில் விரித்தாள், துணிப் பக்கம் மேலே வருகிற மாதிரி. "சீலையில துரு ஏறாம இருக்கும்" என்றாள். தொண்ணூற்றுச் சொச்சம் மூலகமும் குப்புறப் படுத்துக்கொண்டு அவளோடு புருஷன் வீட்டுக்குப் போயின. அங்கே மாமனார், மாமியார், மாடு, வயல், வரிசையாக மூன்று பிரசவம். எடை கூடக் கூட ஆள் சுருங்கும் என்று அவள் சொன்னதை நான் அவள் தோள்பட்டையில் பார்த்தேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் சீர் கொண்டுபோகும்போது, போன வருஷத்தை விடக் கொஞ்சம் சின்னதாக வாசலுக்கு வருவாள்.

நான் என்ன ஆனேன் என்று கேட்பீர்கள். ஜீப்பில் லோடு ஏற்றினேன், போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் க்ளீனராகத் தொங்கினேன், கல்யாண வீடுகளில் சிரிப்புக் காட்டினேன். எங்கே போனாலும் என்னைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட லாரிக்குப் பின்னால் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். பொட்டாசியம் ஆட்டத்தை மட்டும் அதற்குப் பிறகு யாருக்கும் ஆடிக் காட்டவில்லை. ஒரு ஆறுதல் இருந்தது எனக்கு. என்ன இருந்தாலும் அக்கா எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டாள், தம்பி அடி வாங்கக்கூடாது என்று தன் தலையில் போட்டுக்கொண்டாள். அவ்வளவு பாசம். அதை நினைத்து நினைத்து ராத்திரியில் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா போய்ச் சேர்ந்து பல வருஷம். அக்கா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பேத்தி படிக்கிற அறைச் சுவரில் அதே அட்டவணை. பளபளவென்று, கலர் கலராக. கரையான் தின்னாதது. எனக்கு என்னமோ ஆகிவிட்டது. டீயைக் குடித்துவிட்டு, அறுபத்துச் சொச்சம் வருஷமாக வராத வார்த்தையை எடுத்தேன்.

"அக்கா. அன்னைக்கு நீ என்னையக் காப்பாத்திவிட்ட. அத நான் மறக்கல."

"என்னைக்கு?"

"காய் வேர்த்த அன்னைக்கு. மறந்துட்டேன்னு நீயா பழிய ஏத்துக்கிட்டியே."

அவள் பூண்டை நிறுத்தாமல் சிரித்தாள். சின்னச் சிரிப்பு.

"ஒன்னைய யாருடா காப்பாத்துனது?"

"பெறகு?"

"நான் அப்படிச் சொன்னா நீ வாயத் தொறப்பேன்னு பாத்தேன். 'இல்லப்பா, அக்கா சொல்லுச்சு, நாந்தான் விட்டுட்டேன்'னு ஒரு வார்த்த. எம்மேல பழி விழுறதப் பாத்தா ஒனக்குப் பொறுக்காதுன்னு நெனச்சேன். மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சேன். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம்னு, ஒன்னொன்னா. அவசரப்படல. பொட்டாசியம் வரைக்கும் வந்தேன். நீ ஓணானப் பாத்துக்கிட்டு இருந்த."

என்ன சொல்வதென்று தெரியாதபோது நான் கேலிதான் பேசுவேன். "அதுக்கு மேல எண்ணலயாக்கா?"

"அதுக்கு மேல எதுக்கு? அப்பாதான் சரின்னுட்டாரே."

அவள் அடுத்த பூண்டை எடுத்தாள். நான் எழுந்து உள்ளே போனேன். அந்தப் பிள்ளையிடம், "ஆத்தா, இதுல ஒன்னுலருந்து பொட்டாசியம் வரைக்கும் வாசி, கேப்போம். மெதுவா" என்றேன். தாத்தாவுக்கு என்ன கிறுக்கு என்று பார்த்துவிட்டு, விரலை வைத்து வாசித்தது. பத்தொன்பது பேர். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறாவதிலேயே எனக்கு வாய் திறந்துவிட்டது. பத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பதினைந்தில் போதும் என்று கையைக் காட்டினேன், அது கவனிக்காமல் வாசித்துக்கொண்டே போனது. அவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறாள்.

பொட்டாசியத்தில் விரலை நிறுத்திவிட்டு அந்தப் பிள்ளை திரும்பியது.

"இன்னும் வாசிக்கவா தாத்தா?"

கூடத்தில் பூண்டுத் தோல் உரிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.